கேள்வி – பதில்: வீரர் பக்கத்தில் ‘தலைசிறந்த’ எதற்கு?

இ-ஸ்போர்ட்ஸ் (வீடியோ கேம் போட்டி) வீரர்களைப் பற்றிச் சமூக விக்கிகளில் (ரசிகர்களே சேர்ந்து தொகுக்கும் தகவல் தளங்கள்) எழுதும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. எழுதிய பாராட்டை மற்ற தொகுப்பாளர்கள் ஏன் நீக்குகிறார்கள், அந்த இடத்தில் என்ன எழுதலாம் என்பதுதான் பெரும்பாலானோர் கேட்டிருப்பது.

கே: ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ வீரர் ஃபேக்கரை “உலகின் தலைசிறந்த வீரர்” என்று எழுதினேன். சிறிது நேரத்தில் தூக்கிவிட்டார்கள். இதை மறுப்பவர் யாராவது உண்டா?

ப: மறுப்பவர் குறைவு. ஆனாலும் அந்த வரியைப் படித்தவருக்கு ஃபேக்கரைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. ஒரு சோதனை செய்து பாருங்கள்: பெயரை எடுத்துவிட்டு வேறு ஒரு வீரரின் பெயரை அங்கே வையுங்கள். வாக்கியம் ஆடாமல் அசையாமல் அப்படியே நின்றால், அதில் செய்தி இல்லை என்று பொருள்.

இப்போது இதைப் படியுங்கள்: “ஃபேக்கர் (லீ சாங்-ஹியொக், பிறப்பு 1996) தென்கொரியாவின் டி1 அணியில் மிட் லேன் (நடுப்பாதை) ஆடுபவர். 2013, 2015, 2016, 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் உலக சாம்பியன்ஷிப் வென்ற அணியில் இருந்தார். அவற்றுள் 2016, 2024 ஆகிய இரு முறை இறுதிப் போட்டியின் எம்விபி (மிகுந்த மதிப்புள்ள வீரர்) விருது பெற்றார்.” இதில் வேறு யார் பெயரையும் வைக்க முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். 2016-க்கும் 2023-க்கும் நடுவே 7 ஆண்டு இடைவெளி தெரிகிறது. அந்த இடைவெளியில் 2017 இறுதிப் போட்டியில் சாம்சங் கேலக்ஸியிடம் 0–3 என்றும், 2022 இறுதிப் போட்டியில் டிஆர்எக்ஸிடம் 2–3 என்றும் டி1 தோற்றது (2017-இல் அணியின் பெயர் எஸ்கே டெலிகாம் டி1). தோல்விகளையும் சேர்த்து எழுதினால்தான் 2023 வெற்றி எவ்வளவு பெரியது என்பது வாசகருக்குப் புரியும். ‘தலைசிறந்த’ என்று ஒரே சொல்லில் முடித்தால் இதெல்லாம் மறைந்துபோகும்.

சிலர் சற்று இறங்கிவந்து “உலகின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவர்” என்று எழுதிப் பார்க்கிறார்கள். இது முன்னதைவிட மோசம். எத்தனை பேருள் ஒருவர்? பத்தா, இருநூறா? யாராலும் சரிபார்க்க முடியாது என்பதால்தான் இந்த வடிவம் விக்கிகளில் இவ்வளவு பரவியிருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியா இப்படிப்பட்ட சொற்களை ‘மயில் சொற்கள்’ என்று தனியாகவே வகைப்படுத்தி வைத்திருக்கிறது. தோகை விரியும், தகவல் இருக்காது.

கௌரவங்களைச் சொல்லத் தடை இல்லை. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸை உருவாக்கிய ரயட் கேம்ஸ் 2024-இல் ‘ஹால் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ என்ற கௌரவப் பட்டியலைத் தொடங்கியபோது முதலில் சேர்க்கப்பட்டவர் ஃபேக்கர். கொடுத்தவர் யார், எந்த ஆண்டு என்ற இரண்டும் இருக்கின்றன, எனவே தாராளமாக எழுதலாம்.

கே: ‘முதல்’, ‘ஒரே’, ‘அதிக முறை’ என்பவையும் உச்சத்தைக் காட்டும் சொற்கள்தானே? அவற்றையும் தவிர்க்க வேண்டுமா?

ப: வேண்டாம். எண்ணிப் பார்த்துச் சரி அல்லது தவறு என்று சொல்ல முடிந்தால் அது கருத்தல்ல, பதிவு. ஆனால் இந்த மூன்றுக்கும் ஆயுள் ஒன்றல்ல.

‘முதல்’ கெட்டுப்போகாது. டோட்டா 2-இன் ‘தி இன்டர்நேஷனல்’ தொடரை இரண்டு முறை வென்ற முதல் அணி ஓஜி (2018, 2019). இது என்றைக்கும் உண்மை. ‘ஒரே’ அப்படியல்ல. 2019-இல் “இரண்டு முறை வென்ற ஒரே அணி ஓஜி” என்று எழுதியது அன்று சரி. 2021-இல் வென்ற டீம் ஸ்பிரிட் 2023-இல் மீண்டும் வென்ற அன்றே அது தவறாகிவிட்டது. 2017-இல் வென்ற டீம் லிக்விட் 2024-இல் மறுபடி வென்றபோது இன்னும் தவறானது. அதே வரி “அடுத்தடுத்த ஆண்டுகளில் வென்ற ஒரே அணி” என்று இருந்திருந்தால் 2025 தொடர் முடிந்த பின்னும் சரியாக இருந்திருக்கும். ஆனாலும் அடுத்த தொடர் வரைக்கும்தான் அதற்கு உத்தரவாதம்.

ஆகவே ‘ஒரே’, ‘அதிக’, ‘மிக இளைய’ மூன்றையும் எழுதும்போது “2025 முடிவு நிலவரப்படி” என்று தேதி போடுங்கள். “இன்றுவரை”, “தற்போது” என்பவை தேதி ஆகா. எழுதியவருக்கு மட்டுமே தெரிந்த ‘இன்று’ அது.

எல்லைக்கோடும் வேண்டும். ஸ்டார்கிராஃப்ட் II-இல் செரல் “கொரியர் அல்லாத முதல் உலக சாம்பியன்” என்று எழுதினால், எந்த உலகக் கோப்பை என்று பேச்சுப் பக்கத்தில் (தொகுப்பாளர்கள் விவாதிக்கும் பக்கம்) ஒருவர் கேட்பார். “டபிள்யூசிஎஸ் குளோபல் ஃபைனல்ஸ் தொடரை வென்ற, கொரியர் அல்லாத முதல் வீரர் (2018)” என்று எழுதினால் அந்தக் கேள்விக்கு இடமே இருக்காது. விளையாட்டு, தொடர், ஆண்டு ஆகிய மூன்றும் இல்லாத ‘முதல்’ எதையும் வெளியிடாதீர்கள்.

கே: தரவரிசைத் தளமே ஒருவரை நம்பர் 1 என்று சொல்லும்போது நாமும் அப்படியே எழுதலாமா?

ப: தளத்தின் பெயரோடு எழுதலாம். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் சிம்பிள் (ஒலெக்சாண்டர் கோஸ்திலியெவ்) எச்எல்டிவி தளத்தின் ஆண்டு வீரர் பட்டியலில் 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளுக்கு 1ஆம் இடம் பெற்றவர். “எச்எல்டிவி பட்டியலில்” என்ற சொற்களை வெட்டிவிட்டு “உலகின் நம்பர் 1” என்று எழுதினால், ஒரு தளத்தின் மதிப்பீடு உலகத் தீர்ப்பாகிவிடும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஆண்டில்தான். 2018-க்கான பட்டியல் 2019 தொடக்கத்தில் வெளியாகும். செய்தியின் தேதியைப் பார்த்து “2019-இல் நம்பர் 1” என்று எழுதிவிடுகிறார்கள். 2019-க்கான 1ஆம் இடம் சைவூ என்ற வேறொரு வீரருக்கு. ஒரே இடத்தில் இரண்டு பேரை உட்காரவைத்த விக்கிப் பக்கங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

ரேட்டிங் எண்களிலும் கவனம் தேவை. எச்எல்டிவி ரேட்டிங்கில் சராசரி ஆட்டத்துக்கு ஏறத்தாழ 1.00 கிடைக்கும். பழைய 1.0 முறை கில் (எதிராளியை வீழ்த்துவது), உயிர் தப்பிய சுற்றுகள், ஒரே சுற்றில் பல கில் ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டது. 2017-இல் வந்த 2.0 முறை எதிராளிக்கு ஏற்படுத்திய சேதம் போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டது. இரண்டு முறைகளின் எண்களை ஒரே வரியில் வைத்து ஒப்பிடக் கூடாது. எண்ணுக்குப் பக்கத்தில் எந்தப் பதிப்பு, எந்தக் காலம், எத்தனை மேப் (ஆடுகளம்) என்று எழுதுங்கள். 5 மேப்பில் 1.40 எடுப்பதும் 120 மேப்பில் 1.20 எடுப்பதும் வேறு வேறு சங்கதிகள். மேப் எண்ணிக்கை இல்லாத ரேட்டிங், எண் வேடம் போட்ட பாராட்டுதான்.

கே: ஆட்ட பாணியை எப்படி எழுதுவது? “அசாத்திய ரிஃப்ளெக்ஸ்”, “அபாரமான நிதானம்” என்ற சொற்கள் இல்லாமல் ஒருவரின் ஆட்டத்தை விவரிக்கவே முடியாது போலிருக்கிறதே?

ப: முடியும். அடைமொழியை விட்டால்தான் அந்தத் திறமை கண்ணுக்குத் தெரியும். புகழ்பெற்ற ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம்: ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் III: தேர்டு ஸ்ட்ரைக்’, ஈவோ 2004 சண்டை விளையாட்டுத் தொடர், டைகோ உமெஹாராவும் ஜஸ்டின் வாங்கும் மோதியது.

முதலில் விக்கிகளில் வழக்கமாகக் காணும் வகை: “டைகோ நம்பவே முடியாத அனிச்சைச் செயலால் இ-ஸ்போர்ட்ஸ் வரலாற்றின் மகத்தான தருணத்தை உருவாக்கினார்.”

இனி நடந்தது: “டைகோவின் கென் பாத்திரத்துக்கு ஆயுள் கோட்டில் ஒரு கீற்றுதான் மிச்சம். இந்த ஆட்டத்தில் சிறப்புத் தாக்குதலைச் சாதாரணமாகத் தடுத்தாலும் சிறிது ஆயுள் குறையும் என்பதால், தடுத்தாலும் தோல்விதான். வாங்கின் சுன்-லீ, சூப்பர் ஆர்ட் தாக்குதலைத் தொடங்கினார். டைகோ அதன் 15 அடிகளையும் பேரி செய்தார். அதாவது ஒவ்வோர் அடியும் படும் கணத்தில் ஜாய்ஸ்டிக்கை எதிராளியின் பக்கம் தட்டினார். கடைசி அடியை அந்தரத்தில் பேரி செய்துவிட்டு, பதில் காம்போவால் (தொடர் அடிகளால்) சுற்றை முடித்தார்.”

இரண்டாவதில் ஒரு புகழ்ச்சிச் சொல்லும் இல்லை. ஆனால் தடுத்தால் ஏன் பயனில்லை என்ற விதியைச் சொன்னதால், ஆட்டத்தையே அறியாதவருக்கும் அது எவ்வளவு கடினம் என்பது புரிந்துவிடும். விதியைச் சொல்வதுதான் இங்கே முக்கியம். பெரும்பாலான எழுத்தாளர்கள் அதை விட்டுவிட்டு ‘நம்பவே முடியாத’ என்று போட்டு ஈடுகட்டுகிறார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. “மகத்தான தருணம்” என்று எழுதுபவர்களில் பலர் அதை இறுதிப் போட்டி என்றும், டைகோ கோப்பையை வென்றார் என்றும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அது லூசர்ஸ் பிரிவின் (ஒரு முறை தோற்றவர்களுக்கான பிரிவு) இறுதி ஆட்டம். அதற்கு அடுத்த கிராண்ட் ஃபைனலில் டைகோ, கென்ஜி ஒபாட்டாவிடம் தோற்றார். ஸ்கோரைத் தேடி எடுத்து எழுதுபவர் இந்தத் தவற்றைச் செய்ய மாட்டார்.

எல்லா வீரருக்கும் இப்படி ஒரு தருணம் அமையாது. அப்போது பாணியைத் தேர்வுகளால் காட்டுங்கள்: எந்தப் பாத்திரத்தை எத்தனை ஆட்டங்களில் எடுத்தார், எந்த நிலையில் ஆடுகிறார், ஆட்டத்தின் எந்த நிமிடத்தில் சண்டைக்குப் போகிறார். “அதிரடி ஆட்டக்காரர்” என்று எழுதக் கை துறுதுறுக்கும்போது, அவருடைய அணியில் சுற்றின் முதல் கில் யாருக்கு அதிகம் விழுகிறது என்று பாருங்கள். முதலில் சாவதும் அவராகவே இருக்கலாம், அதையும் எழுதுங்கள்.

கே: ‘அசுரன்’, ‘கடவுள்’ என்று ரசிகர்கள் சூட்டிய பட்டப்பெயர்களையும் எடுத்துவிட வேண்டுமா?

ப: பட்டப்பெயர் என்று தெரியும்படி வைத்தால் இருக்கட்டும். ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ’யில் ஆர்மாடா, ஹங்கிரிபாக்ஸ், மேங்கோ, மியூ2கிங், பிபிஎம்டி ஆகிய ஐவரை ‘ஐந்து கடவுள்கள்’ என்று அந்தச் சமூகமே அழைத்து வந்திருக்கிறது. அது ஒரு காலகட்டத்தைக் குறிக்கும் பெயர். மேற்கோள் குறிக்குள் வைத்து, “என்று அழைக்கப்பட்டனர்” என்று முடித்து, சான்று கொடுங்கள். தகவற்பெட்டியில் பட்டப்பெயருக்கென்று வரி இருந்தால் அங்கேயே வைத்துவிடலாம். நீங்களாகப் புதிதாகச் சூட்டக் கூடாது.

கே: அணியின் சாதனையை வீரர் பக்கத்தில் எழுதுவதில் என்ன சிக்கல்? எங்கள் விக்கியில் ஆஸ்ட்ராலிஸ் வீரர்கள் எல்லாருக்கும் “4 மேஜர் வென்ற வரலாற்று நாயகன்” என்று இருக்கிறது.

ப: ‘வரலாற்று நாயகன்’ கிடக்கட்டும், முதலில் அந்த 4-ஐப் பாருங்கள். ஆஸ்ட்ராலிஸ் அணி வென்ற கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் மேஜர்கள் (அந்த விளையாட்டின் பெரிய தொடர்கள்) அட்லாண்டா 2017, லண்டன் 2018, கட்டோவிட்சே 2019, பெர்லின் 2019. அட்லாண்டாவில் அணியில் இருந்தவர் க்யேர்பை. மேஜிஸ்க் பின்னால் வந்து சேர்ந்தவர். எனவே ஆஸ்ட்ராலிஸுடன் க்யேர்பைக்கு 1, மேஜிஸ்குக்கு 3, டிவைஸ், டுப்ரீ, ஸிப்நைன், கிளேவ் நால்வருக்கும் தலா 4. டுப்ரீயும் மேஜிஸ்கும் பின்னர் வைட்டாலிட்டி அணிக்குப் போய் பாரிஸ் 2023 மேஜரையும் வென்றார்கள். ஆக மொத்தம் டுப்ரீக்கு 5, மேஜிஸ்குக்கு 4.

அணி வார்ப்புருவை (பல பக்கங்களில் பயன்படுத்தும் ஆயத்தப் பகுதி) எல்லா வீரர் பக்கங்களிலும் அப்படியே ஒட்டுவதால் வரும் கோளாறு இது. வீரர் பக்கத்தில் கோப்பை எண்ணிக்கை எழுதுமுன், அந்தந்தத் தொடரின் பக்கத்தைத் திறந்து ஆடிய ஐவரின் பட்டியலைப் பாருங்கள். பதிலி வீரர், பயிற்சியாளர் ஆகியோரைத் தனியே குறிக்க வேண்டும்.

பரிசுப் பணத்துக்கும் இதே கதைதான். 2021-இல் நடந்த தி இன்டர்நேஷனல் தொடரில் டீம் ஸ்பிரிட்டுக்குக் கிடைத்தது சுமார் 1.82 கோடி அமெரிக்க டாலர். மொத்தப் பரிசுத் தொகை 4 கோடியைத் தாண்டியது. இவ்விரண்டில் எதுவுமே தனியொரு வீரரின் வருமானம் அல்ல. ஐந்தால் வகுத்தாலும் நிர்வாகப் பங்கும் வரியும் கழியாத எண்தான் வரும். “அணிக்குக் கிடைத்த பரிசுத் தொகை” என்று எழுதி நிறுத்துங்கள்.

கே: பெரிய தொடர் எதிலும் வெல்லாத வீரரின் பக்கம், பாராட்டை எடுத்துவிட்டால் நான்கு வரியாகச் சுருங்கிவிடுகிறது.

ப: நான்கு வரியே போதும். ஆடும் பெயர், விளையாட்டு, நிலை, அணிகளும் சேர்ந்த–விலகிய தேதிகளும், தொடர் முடிவுகள். “வளர்ந்துவரும் நட்சத்திரம்” என்று எழுதிவிட்டால் மூன்று ஆண்டு கழித்தும் அவர் அங்கே வளர்ந்துகொண்டேதான் இருப்பார்.

முடிவுகளில் 5–8ஆம் இடம், குழுச் சுற்றில் வெளியேற்றம் எல்லாவற்றையும் போடுங்கள். எத்தனை அணிகள் கலந்துகொண்டன என்பதையும் சேருங்கள். 8 அணிகளில் 5–8ஆம் இடம் வேறு, 128 அணிகளில் 5–8ஆம் இடம் வேறு. லிக்விபீடியா என்ற இ-ஸ்போர்ட்ஸ் விக்கி, தொடர்களை எஸ், ஏ, பி, சி என்று தரம் பிரித்து வைத்திருக்கிறது. அது அந்த விக்கியின் சொந்த ஏற்பாடு. வேறு விக்கியில் எழுதும்போது “எஸ் தரத் தொடர்” என்று அப்படியே தூக்கிப் போடாமல் யார் பிரித்த தரம் என்று குறிப்பிடுங்கள்.

கே: திட்டுவதற்கும் இதே விதியா? ஒருவர் இறுதிப் போட்டிகளில் தொடர்ந்து சொதப்புகிறார். அதை எழுதக் கூடாதா?

ப: எத்தனை இறுதிப் போட்டி, என்ன ஸ்கோர் என்று எழுதலாம். ‘சொதப்பல் மன்னன்’ கூடாது. பெரும்பாலான வீரர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்கள், உயிரோடு இருப்பவர்கள். சான்றில்லாத குறைகூறலைக் கண்ட இடத்தில் நீக்குவதுதான் முறை, விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். சூதாட்டம், ஏமாற்று போன்ற குற்றச்சாட்டுகள் என்றால் தடை விதித்த அமைப்பின் அறிவிப்பு, தேதி, தடைக்காலம் மூன்றும் வேண்டும்.

கே: வர்ணனையாளர் நேரலையில் “இவரைப்போல் ஒருவர் பிறந்ததே இல்லை” என்று சொன்னார். இதைச் சான்றாகக் காட்டலாமா?

ப: வேண்டாம். கத்துவது வர்ணனையாளரின் தொழில்; அடுத்த ஆட்டத்தில் வேறொருவருக்கும் அதையே சொல்வார். புதிய வீரரைச் சேர்க்கும்போது அணி வெளியிடும் அறிக்கையும் ஸ்பான்சர் விளம்பரமும் இதே ரகம். அவற்றிலிருந்து ஒப்பந்தத் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள், அடைமொழிகளை அங்கேயே விட்டுவிடுங்கள். இன்னொரு பொறியும் உண்டு. சில செய்தித் தளங்கள் விக்கியைப் பார்த்தே வீரர் அறிமுகம் எழுதுகின்றன. அதையே திரும்பச் சான்றாகக் காட்டினால் விக்கி தனக்குத் தானே சாட்சி சொன்னதாகிவிடும். செய்தியின் தேதியையும், அந்த வரி விக்கியில் சேர்ந்த தேதியையும் பக்கத்தின் வரலாற்றில் ஒப்பிட்டுப் பார்த்தால் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

கே: பாராட்டு மழையில் நனைந்த ஒரு நீண்ட பக்கத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? போன முறை மொத்தமாக மாற்றினேன், மொத்தமாகவே மீளமைத்துவிட்டார்கள்.

ப: மொத்தமாக மாற்றியதுதான் காரணம். ஒரே சேமிப்பில் 40 இடங்களைத் தொட்டால், அதில் ஒன்றை ஒப்பாதவரும் நாற்பதையும் சேர்த்தே திருப்பிவிடுவார். ஒரு பத்திக்கு ஒரு சேமிப்பு என்று போங்கள். தொகுப்புச் சுருக்கத்தில் “நடுநிலை” என்று மொட்டையாக எழுதாமல், “‘நிகரற்ற’ நீக்கம், 2019 முடிவுகள் சான்றுடன் சேர்ப்பு” என்று எழுதுங்கள். எதையோ பறிக்கிறீர்கள் என்ற எண்ணம் ரசிகருக்கு வராமலிருக்க, நீக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிவையோ விருதையோ வைத்துவிட்டுப் போவது நல்லது.

சொற்களைத் தேடும்போது முழுச் சொல்லைத் தேடாதீர்கள். தமிழில் சொல்லின் வால் மாறிக்கொண்டே இருக்கும். ‘சிறந்த’ என்று தேடினால் தலைசிறந்த, மிகச்சிறந்த இரண்டும் அகப்படும், ‘சிறப்பான’ தப்பிவிடும். ‘நிகர’, ‘அபார’, ‘அசாத்’, ‘ஜாம்ப’, ‘மாபெரும்’, ‘வரலாற்று’ என்று துண்டுகளாகத் தேடுங்கள். ‘இணையற்ற’வைப் பிடிக்க ‘இணைய’ என்று தேடினால் பக்கத்தில் உள்ள இணையதளங்கள் எல்லாம் வந்து நிற்கும். ‘இணையற்’ என்று தேடுங்கள். படக் குறிப்புகளையும் வார்ப்புருக்களையும் தனியே பார்க்க வேண்டும். யாரும் தொடாத இடங்கள் அவை.

தேடலில் சிக்காதவையும் உண்டு. “வெறும் 17 வயதிலேயே” என்பதில் ‘வெறும்’ ஒன்று, ஏகாரம் ஒன்று. “17 வயதில்” போதும். “ஜாம்பவான்களைக்கூடத் திணறடித்து” என்றால் எதிரணியின் பெயரையும் ஸ்கோரையும் போடுங்கள்.

கண்ணில் படும் ஒவ்வொன்றுக்கும் மூன்று வழிகள்தான்: எண்ணாக மாற்றலாம், சொன்னவர் பெயரோடு சேர்க்கலாம், இரண்டும் முடியாவிட்டால் வெட்டலாம். முகப்புப் பத்தியைக் கடைசியில் தொடுங்கள். சண்டை வருவது அங்கேதான். கீழே உள்ள பகுதிகள் சரியான பிறகு முகப்பு அவற்றின் சுருக்கமாக அமைந்துவிடும்.

யாராவது மீளமைத்தால் நீங்களும் திருப்பி மீளமைக்காதீர்கள். பேச்சுப் பக்கத்தில் பழைய வரி, புதிய வரி, சான்று மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் கருத்துக் கேளுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை விழக்கூடும். சமூக விக்கிகளில் வரம்பு வேறாக இருக்கும், முதலில் அந்த விக்கியின் விதிப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

கே: வீரரே கணக்குத் தொடங்கித் தன் பக்கத்தில் “முன்னணி வீரர்” என்று சேர்த்துக்கொண்டிருக்கிறார். என்ன செய்ய?

ப: விரட்ட வேண்டாம். பெயரின் சரியான உச்சரிப்பு, அணியில் சேர்ந்த தேதி, பழைய சிறு தொடர்களின் பிராக்கெட் (யார் யாருடன் மோதினர் என்ற அட்டவணை) இணைப்புகள் எல்லாம் அவரிடம் இருக்கும். ‘முன்னணி’யை நீக்கிவிட்டு, பக்கத்தை நேரடியாகத் தொகுக்காமல் பேச்சுப் பக்கத்தில் இவற்றைத் தரும்படி கேளுங்கள். தருபவை சரிபார்க்கக்கூடியவையா என்று பார்த்து நீங்கள் சேருங்கள். அந்தக் கணக்கு உண்மையில் அவருடையதுதானா என்பதையும், அவருடைய அறியப்பட்ட சமூக ஊடகக் கணக்கிலிருந்து ஒரு பதிவு போடச் சொல்லி முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.